பெயரை மட்டும் கூப்பிட்டால்

மார்ச் 2, திங்கள்

வாலுவுக்கு,

பல வருடங்களுக்கு முன் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து என்னிடம் கேட்டாள். "டீச்சர், கட்டத்துல ஒண்ணும் எழுதாம விட்டா, அது தப்பா, இல்ல தெரியலைன்னு அர்த்தமா?" எனக்கு அன்று ஐம்பத்திரண்டு விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது. "எழுதாம விட்டா முட்டைதான், உட்காரு" என்றேன். உட்கார்ந்தாள். நல்ல கேள்வி அது, நான்தான் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன்.

நீ அனுப்பிய தாளைப் படித்தபோது அவள் நினைவு வந்தது.

நீ எனக்கு எழுதவில்லை என்பது தெரியும். உன் அண்ணனுக்கு எழுதி, "அண்ணி ஒரு பார்வை பார்த்தால் நல்லது" என்று கடைசியில் சேர்த்திருந்தாய். இரண்டு வருடமாக என்னோடு பேசாதவள் அவ்வளவு எழுதியதே பெரிது. போனில் கேட்டிருந்தாலும் என் காதில் வண்டு பறக்கிற சத்தம்தான் விழுந்திருக்கும். இப்படி மின்னஞ்சலில் எழுத்தென்றால் எனக்குச் சரியாக வரும்.

சரி, தாளுக்கு வருகிறேன். உங்கள் கம்பெனியின் மூச்சு மெஷின்களைப் பழுது பார்க்க வீடு வீடாகப் போகிறவர்களுக்காக ஒரு கருவி செய்கிறாய். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், மெஷினுக்குள் இருக்கும் ஒரு குறிப்பு மாறும். 'வை வாசல் 2' என்று தட்டினால் வாசல் என்ற குறிப்பில் 2 உட்கார்ந்துகொள்ளும். இதுவரை எனக்கே புரிகிறது. எண்ணை மறந்து, 'வை வாசல்' என்று மட்டும் தட்டிவிட்டால் என்ன ஆகும்? உன் தாள் அதைச் சொல்லவில்லை. சிவப்பில் வட்டம் போட்டு, படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன் நலம். பகலில் பத்து, பதினைந்து நிமிடம் மெஷின் இல்லாமல் இருக்கிறார். அதற்கு மேல் உதடு நீலமாகிறது.

அண்ணி

---

மார்ச் 5, வியாழன்

அண்ணிக்கு,

வட்டம் கிடைத்தது. ஐம்பது வயதாகப் போகிறது, இன்னும் உங்கள் சிவப்புப் பேனாவைப் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

கேட்டதற்குப் பதில். 'வை வாசல்' என்று தட்டி எண் கொடுக்காமல் விட்டால், அந்தக் குறிப்பு அழிந்துவிடும். கேள்வி கேட்காது, ஒரு வார்த்தை சொல்லாது. இந்த வேலையில் ரொம்ப நாளாக இருக்கிற வழக்கம் அது. வெறுமையை வை என்றால் வெறுமையாக்கு என்று அர்த்தமாம். பழைய ஆட்களுக்குப் பழகிப்போயிற்று.

இந்தக் குறிப்பு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். மெஷினில் பொத்தானைப் போட்டதும் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு குட்டிப் புரோகிராம் விழிக்கும். பூட்லோடர் என்போம். அது முந்தைய நாள் எதையும் நினைவில் வைத்திருக்காது. விழித்ததும் ஒரு சீட்டைப் படிக்கும். சீட்டில் ஒரு பெயர், நேரே ஒரு மதிப்பு, அப்படி இருபது முப்பது இருக்கும். சூழல் மாறிகள் என்று அவற்றுக்குப் பெயர். வாசல் அவற்றில் ஒன்று. ஒன்று என்றிருந்தால் ஒன்றாம் வாசலில் இருக்கிற மென்பொருளை எழுப்பும், இரண்டு என்றிருந்தால் இரண்டாவதை. உண்மையில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, உங்களுக்காகத்தான் தமிழ்.

வேறு எங்கே வட்டம் போடலாம், சொல்லுங்கள். மேலாளர் இருபத்தைந்தாம் தேதி எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்கிறார்.

அண்ணன் உதட்டைப் பற்றி எழுதியதைப் படித்தேன்.

வாலு

---

மார்ச் 9, திங்கள்

வாலுவுக்கு,

வழக்கம் என்றாய். நானும் ஒரு வழக்கம் சொல்கிறேன்.

காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒரு பிள்ளையின் பெயரை மட்டும் கூப்பிடுகிறேன் என்று வை. பிள்ளை எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லும். நான் பெயருக்குப் பின்னால் ஒன்றும் சொல்லவில்லையே என்பதற்காகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்டே போய்விடாது. பெயரை மட்டும் கூப்பிடுவது கேள்வி. கேள்விக்குப் பதில் வர வேண்டும்.

உன் கருவியும் அப்படி இருக்கட்டும். 'வை வாசல்' என்றால் "வாசலில் 2 இருக்கிறது" என்று பதில் சொல்லட்டும். அழிப்பதற்கு 'நீக்கு' என்று தனிச் சொல் வை. நீக்குவதற்கு முன் ஒருமுறை கேட்கவும் செய்யட்டும்.

இதை உரக்கப் படித்தேன். உன் அண்ணன் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்: "முப்பது வருஷம் தபால் கொடுத்தேன். முகவரி மட்டும் இருந்து உள்ளே ஒண்ணும் இல்லாத கவர் எத்தனையோ வந்துச்சு. வீட்டை இடிச்சுட்டா வந்தேன்?"

அண்ணி

---

மார்ச் 11, புதன்

அண்ணிக்கு,

ஒத்துக்கொள்கிறேன். தாளில் உங்கள் வாக்கியத்தையே போட்டுவிட்டேன்: 'பெயரை மட்டும் தட்டினால் இப்போதிருக்கும் மதிப்பைச் சொல்லும்.' இனி கருவியை அதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். ஒரு வாரம் பிடிக்கும். நீக்கு, எழுதுமுன் கேட்பது, எழுதியபின் படித்துக் காட்டுவது எல்லாம் சேர்க்கிறேன்.

இடிக்காத தபால்காரரிடம் சொல்லுங்கள், சிரித்தேன் என்று.

வாலு

---

மார்ச் 18, புதன்

வாலுவுக்கு,

நேற்று உங்கள் சர்வீஸ்காரர் வந்து போனார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "கண்ணாடி எங்க வெச்சேன்" என்று தேடுகிற அதே மனிதர். கையில் நம் தாள். அச்சில் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா. என் வாக்கியம் நான்காவது வரியில் இருந்தது. "இதை எழுதினது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். பெருமை அடித்துக்கொள்கிற வயதில்லை, இருந்தும் சொல்லிவிட்டேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கம்பியை மாட்டி மடிக்கணினியில் ஏதேதோ பார்த்தார். எனக்குக் காட்டுவதற்காகவே 'வை வாசல்' என்று தட்டினார். நானும் குனிந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த வரி வெறுமையாக மின்னிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை தட்டினார். அப்போதும் இல்லை.

"பதில் சொல்லும்னு போட்டிருக்கே" என்றேன்.

"சில சமயம் இப்படித்தான் மேடம், கம்பி லூசா இருக்கும். மெஷின் நல்லா ஓடுது பாருங்க" என்றார். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

கம்பியைச் சரிபார்க்கச் சொல். மற்றபடி நலம். சனிக்கிழமை காலை வழக்கம்போல மெஷினை ஐந்து நிமிடம் அணைத்து வடிகட்டி மாற்ற வேண்டும். புது வடிகட்டிகள் வந்து சேர்ந்தன.

அண்ணி

---

மார்ச் 21, சனி, காலை 9.40

அண்ணி,

மெஷினை அணைக்காதீர்கள்.

காரணத்தைப் பிறகு படியுங்கள். முதலில் போய்ப் பாருங்கள், ஓடுகிறதா என்று. ஓடினால் அந்தப் பொத்தானை யாரும் தொடக் கூடாது. வடிகட்டி மாற்றாதீர்கள். கரண்ட் போனால் பயமில்லை, பேட்டரி நான்கு மணி நேரம் தாங்கும். பொத்தானை மட்டும் தொடாதீர்கள்.

இதைப் படித்ததும் 'படித்தேன்' என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள்.

வாலு

---

மார்ச் 21, காலை 10.15

அண்ணி,

பதினான்கு முறை போன் அடித்துவிட்டேன். உங்களுக்குக் கேட்காது என்று தெரியும். அண்ணனுக்குக் கேட்கும், எழுந்து வந்து எடுக்க முடியாது என்பதும் தெரியும். அந்த மணி அடித்துக்கொண்டே இருப்பதைக் கேட்டபடி அவர் படுத்திருப்பார். மேல்வீட்டுக்காரர் நம்பர் என்னிடம் இல்லை. இரண்டு வருடத்தில் ஒரு தடவை வந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

சர்வீஸ்காரர் மலைப்பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறார். உங்கள் ஊருக்கு வர நாளைக் காலை ஆகும்.

பொத்தானைத் தொடாதீர்கள்.

---

மார்ச் 21, காலை 10.50

அண்ணி, நீங்கள் காலையில் ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறைதான் மின்னஞ்சல் பார்ப்பீர்கள் என்று இப்போது நினைவு வருகிறது. காலைப் பார்வை முடிந்திருக்குமோ. உங்கள் ஊர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். ஆள் அனுப்புகிறேன் என்றார்கள். வாசலில் யாராவது தட்டினால் அதுவும் உங்களுக்குக் கேட்குமா என்று தெரியவில்லை.

தொடாதீர்கள். தொடாதீர்கள்.

---

மார்ச் 21, காலை 11.30

வாலுவுக்கு,

படித்தேன். மெஷின் ஓடுகிறது. உன் அண்ணன் மூச்சு விடுகிறார். பொத்தானை யாரும் தொடவில்லை.

எப்படித் தொடாமல் இருந்தோம் என்பதைச் சொல்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து மணிக்கு அணைப்பேன். இன்று ஒன்பதரைக்குச் சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டு தரையெல்லாம் தண்ணீர். குழாய்க்காரரைக் கூட்டி வந்து, துடைத்து, அவரை அனுப்ப பதினொன்று ஆயிற்று. வடிகட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். உன் அண்ணன் கையை ஆட்டி, "போன்... போன்... ரொம்ப நேரமா" என்றார். போனில் உன் பெயர். இரண்டு வருடமாகக் கூப்பிடாதவள் ஒரே காலையில் இத்தனை முறை கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்காது என்றுதான் கடிதத்தைத் திறந்தேன். போலீஸ்காரர் இப்போதுதான் வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்.

குழாய் பழுதாகாமல் இருந்திருந்தால் என்று யோசிக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது காரணம் சொல். எதையும் மென்று விழுங்காதே.

அண்ணி

---

மார்ச் 21, பகல் 12.45

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் அலுவலகக் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். சொல்கிறேன்.

தாள் தயாராகிவிட்டது, கருவி தயாராகவில்லை. இருபத்தைந்தாம் தேதி இரண்டும் சேர்ந்து போக வேண்டும். மேலாளர் தாளைப் பார்த்து, "நல்லா இருக்கே, இதையாவது முன்னாடி அனுப்பிடலாம், படிச்சு வைக்கட்டும்" என்றார். நான் சரி என்றேன். சர்வீஸ் ஆட்கள் கையில் புதுத் தாள். அவர்கள் மடிக்கணினியில் பழைய கருவி.

புதுத் தாள், பெயரை மட்டும் தட்டினால் மதிப்பைச் சொல்லும் என்கிறது. பழைய கருவியில் பெயரை மட்டும் தட்டினால் அழிந்துவிடும். அவர்கள் தாளை நம்பித் தட்டினார்கள்.

வாசல் அழிந்துவிட்டால், மெஷின் அடுத்த தடவை விழிக்கும்போது ஒன்றாம் வாசலுக்குப் போகும். அங்கே பாதி நகலான பழைய மென்பொருள் கிடக்கிறது. அது எழும்பாது. ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. அணைத்தால்தான் தெரியும்.

நேற்று மதியம் ஒரு வீட்டில் மகள் சுத்தம் செய்ய அணைத்தாள். மறுபடி வரவில்லை. முப்பத்தைந்து நிமிடம் கையால் காற்றடிக்கும் மூச்சுப் பையை அமுக்கி அமுக்கி அப்பாவைக் காப்பாற்றினாள். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. தாள் போனபின் பதினொரு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மற்ற வீடுகளுக்கெல்லாம் நேற்றே சொல்லியாயிற்று. போனை எடுக்காத வீடு ஒன்றே ஒன்று என்றார்கள்; அது உங்களுடையது என்று இன்று காலை உங்கள் கடிதத்தைத் திறந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று. இதை எழுதாமல் விட நினைத்தேன். பதினெட்டாம் தேதி நீங்கள் எழுதிய கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. வெறுமையாக மின்னிய வரி, இரண்டு தடவை. நான் அன்றே படித்திருந்தால் அந்த மகள் அப்படி அமுக்கிக்கொண்டிருந்திருக்க மாட்டாள். அண்ணி கடிதம் நீளமாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படிக்கலாம் என்று திறக்காமல் வைத்திருந்தேன். இன்று காலை ஒன்பதரைக்குத்தான் திறந்தேன்.

வாலு

---

மார்ச் 21, மாலை 4.10

வாலுவுக்கு,

படித்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு நான்காவது வரி நினைவு வந்தது. அழிக்கிற வழக்கத்தை மாற்றச் சொன்னது நான். அந்த வாக்கியம் என்னுடையது. அச்சில் பார்த்துப் பெருமைப்பட்டவளும் நானேதான். அந்த மனிதர் எனக்குக் காட்டத்தான் தட்டினார். என் கண் முன்னால் உன் அண்ணனின் வாசல் அழிந்தது, நான் குனிந்து வேடிக்கை பார்த்தேன்.

ஆகவே யார் மேல் தப்பு என்பதை நாளைக்குப் பிறகு பேசலாம். இப்போது நான் செய்திருப்பது இது. பொத்தான் மேல் ஒரு சோப்பு டப்பாவைக் கவிழ்த்து நாலு பக்கமும் டேப் ஒட்டியிருக்கிறேன். உன் அண்ணன் பார்த்துவிட்டு, "மெஷினுக்கு ஹெல்மெட் போட்டுட்டியா" என்கிறார். மூச்சுப் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அமுக்கிப் பார்த்தேன். இருபது தடவையில் மணிக்கட்டு வலிக்கிறது. மேல்வீட்டுக்காரருக்கும் அமுக்கக் கற்றுக்கொடுத்தேன். நல்ல மனிதர். எண்ணச் சொன்னால் ஒன்று, இரண்டு, நான்கு என்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். "வண்டியில ஏத்தி இறக்குறப்ப எவனாவது பொத்தான்மேல கை வெச்சுட்டா? இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். நாளைக்குப் பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் வாசலில் நிற்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.

வடிகட்டி மாற்றாததால் மஞ்சள் விளக்கு எரிகிறது. சத்தமும் போடுகிறதாம், எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கிறது. 'அணை, சுத்தம் செய்' என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். பயமா என்று கேட்டேன். "உனக்கு?" என்றார். அவர் தலையணையை உயர்த்தி வைத்தேன்.

நாளைக்கு அவர் என்ன தட்ட வேண்டும், ஒவ்வொரு எழுத்தாக எனக்கு எழுது.

அண்ணி

---

மார்ச் 22, ஞாயிறு, காலை 7.00

அண்ணிக்கு,

புதுக் கருவியை முடித்துவிட்டேன். சோதனை மெஷினில் நாற்பது தடவை அழித்து, எழுதி, அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நாற்பது தடவையும் எழுந்தது. நாற்பத்தொன்றாவது தடவை உங்கள் வீட்டில். நான் கிளம்பி வந்தால் வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். அதனால் என் கண்ணாக நீங்கள் நில்லுங்கள்.

முதலில் அவர் 'வை வாசல்' என்று தட்ட வேண்டும். 'வாசல் என்று ஒன்றும் இல்லை' என்று பதில் வர வேண்டும். ஏதாவது ஒரு பதில் வந்தால் அது புதுக் கருவி. ஒன்றுமே வராவிட்டால் அது பழையது. அப்போது அவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பதில் வந்தால், 'வை வாசல் 2'. கருவி கேட்கும்: 'முன்பு: இல்லை. இனி: 2. எழுதலாமா?' ஆம் என்றால் எழுதும். பிறகு மறுபடி 'வை வாசல்'. 2 என்று வர வேண்டும்.

அதற்குப் பிறகும், அணைத்துப் போட்டால்தான் நிஜமாகத் தெரியும். அதை எப்போது செய்வது என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் தைரியமில்லை. அது உங்கள் மூவர் முடிவு.

வாலு

---

மார்ச் 22, மாலை 3.30

வாலுவுக்கு,

உன் அண்ணன் தூங்குகிறார். மெஷின் ஓடுகிறது. இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

சர்வீஸ்காரர் பத்தேகாலுக்கு வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. அவரைத் திட்ட நினைத்திருந்தேன், மனம் வரவில்லை. உட்காரச் சொல்லி, "ஒவ்வொரு எழுத்தா உரக்கப் படிங்க. நான் சரின்னு சொன்னப்புறம்தான் அந்தப் பெரிய விசை" என்றேன்.

"மேடம், நான் பதினாலு வருஷமா இந்த வேலை பாக்கறேன்."

"நான் முப்பத்தாறு வருஷம் சொல்வதெழுதல் போட்டிருக்கேன். படிங்க. எனக்குக் கேட்கிற மாதிரி."

படித்தார். 'வை வாசல்.' சரி என்றேன். தட்டினார். ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பார்த்த அதே வெறும் வரி.

அவர் விரல் மறுபடி விசைமேல் போனது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "புதுசுதான் மேடம், நேத்தே இறக்கி வெச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. புதியதை வேறொரு இடத்தில் வைத்திருக்கிறார், பழையது தன் இடத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர். கூப்பிட்டால் முன்னால் நிற்கிற பழையவன்தான் எழுந்து வருகிறான். என் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பையன்கள் இருந்தால் தகப்பன் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்துக் கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "முழு முகவரியோட கூப்பிடலாம்" என்றார். கட்டிலில் இருந்து உன் அண்ணன், "தபால்னா... அப்படித்தான்" என்றார்.

முழு முகவரியோடு கூப்பிட்டார். 'வாசல் என்று ஒன்றும் இல்லை' என்று வந்தது. இல்லை என்று ஒருவர் சொல்லி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மற்ற இரண்டு வரிகளும் நீ எழுதியபடியே வந்தன. கடைசியில் 2.

பிறகு மூவரும் அந்தச் சோப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஆம்புலன்ஸ். மேல்வீட்டுக்காரர் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னொரு நாள் கழித்து என்றேன். உன் அண்ணன்தான், "அது கத்துறதை... நீ கேக்கல. நான் கேக்கறேன். அணை" என்றார். டேப்பைப் பிரிக்க எனக்கு நகம் வரவில்லை, சர்வீஸ்காரர் பிரித்தார். பொத்தானை நான்தான் அழுத்தினேன். வேறு யாரையும் அழுத்த விடவில்லை.

விளக்கெல்லாம் அணைந்தது. பத்து எண்ணிவிட்டு மறுபடி அழுத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது. அது விழிக்க எத்தனை விநாடி ஆகும் என்று இரண்டு வருடத்தில் நான் எண்ணியதே இல்லை. எண்ணினேன். பதினான்கில் உன் அண்ணன் என் புடவையைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பதில் பச்சை வந்தது.

மேல்வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நீ வேலையை விட்டுவிட நினைப்பாய். உன் அண்ணன் சொல்கிறார், உன்னை எனக்கும் தெரியும். விடாதே. தாள் சரியாகத்தான் இருந்தது. கருவியும் சரியாகத்தான் ஆகியிருக்கிறது. ஆனால் நாம் இருவரும் மாற்றி மாற்றிக் காகிதம் அனுப்பிக்கொண்டோமே தவிர, ஒரு மனிதரின் விரல் அந்த விசையில் எங்கே போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. அடுத்த அறையில் இருந்து பாடம் நடத்தியிருக்கிறோம்.

இந்த மெஷினை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று, "உங்க கம்பெனிக்குச் சோதிச்சுப் பாக்க வேற ஆள் கிடைக்கலையா" என்று உன்னிடம் கேட்டேன். அதை இன்று திரும்பப் பெற்றுக்கொண்டால் நீ நம்பமாட்டாய். நேற்றுக் காலை அது ஏறக்குறைய உண்மையாகிவிட்டது. அதனால் திரும்பப் பெறவில்லை. நீ வா என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கருவியை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு வா. ஒரு பழைய மெஷினையும் கொண்டு வா, யாரும் மூச்சு விடாத மெஷினாக. இரண்டையும் என் முன்னால் வை. நான் தட்டுகிறேன். நான் தப்பு செய்கிற வரைக்கும், பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்.

அண்ணி